சொந்த லாரி ஆசை! கையெழுத்துப் போடும் முன்பு கணக்குப் போடுங்கள்

லாரி ஓட்டும் ஒவ்வொரு டிரைவருக்கும் ஓர் ஆசை உண்டு.

"என்றைக்காவது ஒரு நாள் சொந்த லாரி வாங்க வேண்டும்" என்பதே அந்த ஆசை.

இது நியாயமான ஆசை. நடக்கக் கூடிய ஆசையும்கூட. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களில் லாரி முதலாளிகளாக இருப்பவர்களில் பலர், ஒரு காலத்தில் கிளீனராகவும் டிரைவராகவும் இருந்தவர்கள்தான்.

மயிலாடுதுறைப் பக்கத்தில் நெல் மூட்டையும், உர மூட்டையும், சிமெண்டும் ஏற்றி ஓடும் டிரைவர்களுக்கும் இதே ஆசை உண்டு. ஆனால், லாரி வாங்கும் அளவுக்குக் கையில் பணம் இல்லை.

அப்போது யாராவது ஒருவர் வந்து சொல்கிறார்:

"கொஞ்சம் முன்பணம் கொடு. மாதா மாதம் தவணை கட்டு. லாரியை நீயே ஓட்டு. தவணை முடிந்ததும் லாரி உனக்குச் சொந்தம்!"

கேட்பதற்கு இனிப்பாக இருக்கிறது. இதில் சேரலாமா, கூடாதா?

இது டிரைவர் மட்டும் தனியாக முடிவு செய்யும் விஷயம் அல்ல. முன்பணத்துக்காக அடகுக் கடைக்குப் போவது பெரும்பாலும் மனைவியின் நகை. ஜாமீன் கையெழுத்துப் போடுவது அண்ணனோ, மைத்துனரோ. தவணை தவறினால் கஷ்டப்படுவது குடும்பம் முழுவதும். ஆகவே, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே இரண்டு.

லாரி யார் பெயரில் இருக்கும்?

லோடு இல்லாத மாதத்தில் தவணை எங்கிருந்து வரும்?

இரண்டுக்கும் சரியான பதில் இருந்தால் சேரலாம். ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் சேரக் கூடாது.

பாதி வாடகை, பாதி விலை

இந்த முறைக்கு "ஹயர் பர்ச்சேஸ்" என்று பெயர். தமிழில் "வாடகைக் கொள்முதல்" என்பார்கள்.

கடையில் பொருளை விலைக்கு வாங்கினால், அந்த நிமிடமே அது வாங்கியவருக்குச் சொந்தம். வாடகைக் கொள்முதலில் அப்படி அல்ல. கடைசித் தவணை கட்டும் வரை அது வாடகைப் பொருள். எல்லாத் தவணையும் கட்டி முடித்த பிறகுதான் சொந்தப் பொருள்.

கோயம்புத்தூரில் இருந்து போன ஒரு விற்பனை வரி வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாகச் சொன்னது. வாடகைக் கொள்முதலில் வாடகையும் இருக்கிறது, விற்பனையும் இருக்கிறது. நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறி, வாங்கும் உரிமையைப் பயன்படுத்தும்போதுதான் விற்பனை நடக்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இந்த முறை இங்கிலாந்தில் இருந்து வந்தது. அங்கே நடந்த ஒரு பியானோ வழக்கு பிரசித்தமானது.

ஒருவர் 36 மாதத் தவணையில் ஒரு பியானோ எடுத்தார். தவணை முடியும் முன்பே அதைக் கொண்டு போய் அடகு வைத்துவிட்டார். பியானோவின் சொந்தக்காரர் அடகுக் கடைக்காரர் மீது வழக்குப் போட்டார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. 1895-ம் ஆண்டு தீர்ப்பு வந்தது: "தவணை முடியவில்லை. ஆகவே பியானோ சொந்தக்காரருக்கே சேரும்."

பியானோவுக்குச் சொன்னது லாரிக்கும் பொருந்தும். 48 தவணையில் 40 தவணை கட்டியாகிவிட்டது என்றாலும், ஒப்பந்தம் வாடகைக் கொள்முதலாக இருந்தால் லாரி இன்னும் அவருடையது அல்ல.

லாரிக்குக் கடன் வந்த கதை

1948-ம் ஆண்டு சென்னையில் அசோக் மோட்டார்ஸ் கம்பெனி ஆரம்பமாயிற்று. 1955-ல் அது அசோக் லேலண்டு ஆயிற்று. எண்ணூரில் லாரிகள் உருவாயின. ஆனால் மொத்தப் பணத்தையும் கொடுத்து லாரி வாங்க எத்தனை பேரால் முடியும்?

டி.வி.எஸ். குடும்பத்தைச் சேர்ந்த டி.எஸ். சந்தானம், 1954-ல் சுந்தரம் பைனான்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். பஸ், லாரி வாங்குகிறவர்களுக்குத் தவணை முறையில் பணம் கொடுத்தது அந்தக் கம்பெனி.

பழைய லாரிக்கு அப்போதும் கடன் கிடைப்பது கஷ்டமாகவே இருந்தது. ஆர். தியாகராஜன் தொடங்கிய ஸ்ரீராம் குழுமம், 1979-ல் லாரிகளுக்கென்று தனியாக ஒரு பைனான்ஸ் கம்பெனியைத் தொடங்கியது. பழைய லாரி வாங்கும் சிறிய ஆட்களுக்கும், டிரைவர்களுக்கும் அது கடன் கொடுத்தது. பல டிரைவர்கள் அப்படித்தான் முதலாளி ஆனார்கள்.

ஆகவே தவணை முறையே கெட்டது என்று சொல்ல முடியாது. அது கத்தி மாதிரி. காயும் நறுக்கும், கையும் நறுக்கும்.

இரண்டு வகை

இன்று டிரைவரிடம் வரும் தவணை ஏற்பாடுகள் இரண்டு வகை.

முதல் வகை, பாங்கியோ பைனான்ஸ் கம்பெனியோ கொடுப்பது. ஆர்.சி. டிரைவர் பெயருக்கு வரும். அதில், இந்த லாரி இன்ன கம்பெனியின் பைனான்சில் இருக்கிறது என்ற குறிப்பு ஏறும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 51-வது பிரிவு இதற்கு வழி சொல்கிறது. அந்தக் கம்பெனியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் லாரியை வேறு ஒருவர் பெயருக்கு மாற்ற முடியாது. தவணை முடிந்ததும் கம்பெனி "பாக்கி இல்லை" என்று எழுதிக் கொடுக்கும். 35-ம் எண் படிவத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்தால், அந்தக் குறிப்பு நீங்கும்.

இரண்டாவது வகை, லாரி முதலாளிக்கும் டிரைவருக்கும் நடுவில் நடக்கும் ஏற்பாடு. முதலாளி பெயரில் ஏற்கெனவே பைனான்ஸ் ஓடுகிறது. "மீதித் தவணையை நீ கட்டு. முடிந்ததும் உன் பெயருக்கு மாற்றித் தருகிறேன்" என்கிறார் முதலாளி. ஆர்.சி. அவர் பெயரில். இன்ஷூரன்சும் அவர் பெயரில். டிரைவரின் கையில் இருப்பது சாவி மட்டும். சில சமயம் ஒரு இருபது ரூபாய்ப் பத்திரம்!

இந்த இரண்டாவது வகையில்தான் ஆபத்து அதிகம்.

டிரைவர் மாதா மாதம் முதலாளியிடம் பணம் கொடுக்கிறார். முதலாளி அதை பைனான்ஸ் கம்பெனியில் கட்டினாரா? டிரைவருக்குத் தெரியாது. கட்டாமல் விட்டால் ஒரு நாள் நடு ரோட்டில் லாரியை மறிப்பார்கள். டிரைவர் இறங்கி நிற்க வேண்டியதுதான். "நான் இத்தனை மாதம் பணம் கொடுத்தேன்" என்று அவர் சொன்னால், கம்பெனிக்காரர் கேட்பார்: "எங்கள் புத்தகத்தில் உன் பெயர் எங்கே இருக்கிறது?"

முதலாளி யோக்கியராகவே இருக்கலாம். ஆனால் யோக்கியருக்கும் கடன் வரும், நோய் வரும், மரணம் வரும். அவர் போன பிறகு அவருடைய பிள்ளைகள் "அப்பா எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லையே" என்றால், டிரைவர் எதைக் காட்டுவார்?

விபத்து நடந்தால்?

நடக்கக் கூடாதது நடந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

முதல் வகையில், லாரியைத் தன் வசம் வைத்து ஓட்டுகிறவரே, விபத்து இழப்பீட்டுக்கு "உரிமையாளர்" என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. கம்பெனி பொறுப்பு ஏற்காது. சுப்ரீம் கோர்ட்டு 2008-ல் இதை உறுதி செய்தது.

விந்தையைக் கவனியுங்கள். தவணை தவறினால், "லாரி உன்னுடையது அல்ல" என்கிறார்கள். விபத்து நடந்தால், "லாரி உன்னுடையது" என்கிறார்கள்! அதனால் இன்ஷூரன்சு ஒரு நாள்கூடத் தவறக் கூடாது.

இரண்டாவது வகையில், லாரி யாரிடம் இருந்தாலும், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்புச் சொன்னது. ஆகவே, பெயர் மாற்றாமல் லாரியைக் கொடுப்பது முதலாளிக்கும் ஆபத்துதான். லாரி நொறுங்கினால் இன்ஷூரன்சு பணம் பாலிசிக்காரருக்குப் போகும். அதுவரை தவணை கட்டிய டிரைவருக்குப் போகாது.

அமெரிக்காவிலும் இதே கதை

இது நம் ஊரில் மட்டும் உள்ள சங்கடம் அல்ல. அமெரிக்காவில் சில சரக்குக் கம்பெனிகள் தங்கள் லாரியைத் தங்கள் டிரைவருக்கே தவணையில் கொடுக்கின்றன. லாரியும் கம்பெனியுடையது. லோடு கொடுப்பதும் அதே கம்பெனி. வாராவாரம் சம்பாத்தியத்தில் தவணையைப் பிடித்துக்கொள்வதும் அதே கம்பெனி. லோடு குறைந்தால் தவணைக்கே பணம் போதாது. வேலையை விட்டால் லாரியும் போகும். அதுவரை கட்டிய பணமும் போகும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகப் பகுதி டிரைவர்கள் இப்படிச் சிக்கிய கதையை, 2017-ல் "யு.எஸ்.ஏ. டுடே" பத்திரிகை விரிவாக வெளியிட்டது. பிறகு, 2021-ம் ஆண்டுச் சட்டப்படி அந்த நாட்டு அரசாங்கம் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு 2025 ஜனவரியில் தன் அறிக்கையைக் கொடுத்தது. இத்தகைய குத்தகைக் கொள்முதல் திட்டங்களையே தடை செய்ய வேண்டும் என்று அது சிபாரிசு செய்தது.

இதில் மயிலாடுதுறை டிரைவருக்கும் ஒரு பாடம் உண்டு. லாரியைக் கொடுப்பவரும் லோடு கொடுப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் இரண்டு மடங்கு ஜாக்கிரதை வேண்டும். குடுமி முழுவதும் ஒரே கையில் இருக்கிறது!

தண்ணீர் வந்தால்தான் லோடு

இனி இரண்டாவது கேள்வி. லோடு இல்லாத மாதத்தில் என்ன செய்வது?

காவிரிப் பாசனப் பகுதியில் லாரிக்கு வேலை ஒரே சீராக இருப்பது இல்லை. நெல்லோடு வருகிறது, நெல்லோடு போகிறது.

குறுவை அறுவடை நடக்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வேலை உண்டு. சம்பா, தாளடி அறுவடை நடக்கும் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல வேலை. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டைகள் மலை மாதிரி குவியும். அவை கிடங்குக்கும் அரவை ஆலைக்கும் போக வேண்டும். அப்போது லாரிக்குக் கிராக்கி.

மற்ற மாதங்களில்? உரம், ஜல்லி, அரியலூர் சிமெண்டு, காரைக்கால் துறைமுகத்து நிலக்கரி என்று தேடிப் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டினால் சில நாள் லாரி நின்ற இடத்திலேயே நிற்கும்.

மேட்டூர் அணையை ஜூன் 12-ந் தேதி திறப்பது வழக்கம். எல்லா ஆண்டும் அப்படி நடப்பது இல்லை. 2023-ல் ஜூன் 12-ந் தேதி திறந்தார்கள். ஆனால் நீர் குறைந்ததால் அக்டோபர் 10-ந் தேதியே மூடினார்கள். 2024-ல் ஜூலை 28-ந் தேதிதான் திறந்தார்கள். தண்ணீர் தள்ளிப் போனால் நடவு தள்ளிப் போகும். நடவு குறைந்தால் மூட்டை குறையும். மூட்டை குறைந்தால் லோடு குறையும்.

தவணைத் தேதி மட்டும் தள்ளிப் போகாது!

2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. தவணைகளைத் தள்ளிக் கட்டலாம் என்று ரிசர்வ் பாங்கி மார்ச் முதல் ஆகஸ்டு வரை சலுகைக்கு வழி செய்தது. அப்போதும் வட்டி மட்டும் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

இதோ, ஒரு கணக்கு

ஓர் உதாரணம் பார்க்கலாம். இது விளங்குவதற்காகப் போட்ட கணக்கு. ஒவ்வொரு டிரைவரும் தம்முடைய சொந்தத் தொகைகளைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பழைய லாரி ஒன்றின் விலை ரூ.12 லட்சம். டிரைவர் ரூ.2 லட்சம் முன்பணம் கட்டுகிறார். மீதி ரூ.10 லட்சம் கடன். வட்டி நூற்றுக்கு 10. நான்கு வருடத் தவணை.

வட்டி வருடத்துக்கு ரூ.1 லட்சம். நான்கு வருடத்துக்கு ரூ.4 லட்சம். அசலும் வட்டியும் ரூ.14 லட்சம். 48 மாதத்தால் வகுத்தால் மாதத் தவணை ரூ.29,167.

டீசல், சுங்கச் சாவடி, கிளீனர் கூலி, வழிச் செலவு எல்லாம் போக, நல்ல மாதத்தில் ரூ.75,000 நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மந்தமான மாதத்தில் ரூ.35,000. நல்ல மாதம் ஐந்து. மந்தமான மாதம் ஏழு.

வருட வரவு: ரூ.6,20,000.

இனி செலவு. டயர், ரிப்பேர், இன்ஷூரன்சு, எப்.சி., காலாண்டு வரி ஆகியவற்றுக்காக மாதம் ரூ.12,000 ஒதுக்க வேண்டும். வீட்டுச் செலவு ரூ.18,000. தவணை ரூ.29,167. மொத்தம் மாதம் ரூ.59,167.

வருடச் செலவு: ரூ.7,10,004.

வருடத்துக்கு ரூ.90,000 துண்டு விழுகிறது!

நல்ல மாதத்தில் மட்டும் கணக்குப் பார்த்தால் கையில் ரூ.15,000-க்கு மேல் மிஞ்சும். "ஆகா, லாபம்!" என்று தோன்றும். பலர் கையெழுத்துப் போடுவது அந்த அறுவடை மாதத்தில்தான். ஏமாறுவதும் அங்கேதான்.

அதே லாரி, அதே லோடு. ஆனால் கடன் ரூ.10 லட்சத்துக்குப் பதிலாக ரூ.6 லட்சம் என்றால்?

தவணை ரூ.17,500 ஆகும். மாதச் செலவு ரூ.47,500. வருடச் செலவு ரூ.5,70,000. வருட முடிவில் ரூ.50,000 மிஞ்சும்.

லாரி மாறவில்லை, உழைப்பும் மாறவில்லை. கடன் அளவு மட்டுமே மாறியது. ஒன்று நஷ்டம், மற்றொன்று லாபம்.

"முன்பணம் ரூ.2 லட்சம்தான் இருக்கிறது. அப்படியானால் ரூ.8 லட்சத்தில் இன்னும் பழைய லாரியாக வாங்கலாமே?" என்று கேட்கலாம். வாங்கலாம். ஆனால் பழைய லாரிக்கு ரிப்பேர் அதிகம். ஒதுக்குப் பணத்தை ரூ.12,000-ல் இருந்து ரூ.15,000 ஆக்கினால், வருடத்தில் மிஞ்சுவது ரூ.14,000 மட்டுமே. ஒரே ஒரு என்ஜின் வேலை வந்தால் அதுவும் போய்விடும்.

லாபம் வரும் கணக்கிலும் ஒரு நிபந்தனை உண்டு. ரூ.6 லட்சம் கடனில்கூட மந்தமான ஏழு மாதங்களில் மாதம் ரூ.12,500 குறையும். ஆகவே, அறுவடை மாதங்களில் மிஞ்சும் பணத்தைத் தொடக் கூடாது. அது லாபம் அல்ல. வரப் போகும் மாதங்களின் தவணை அது. அந்தப் பணத்தைப் பெட்டியில் வைத்துக் காப்பவர் பெரும்பாலும் வீட்டு அம்மாள்தான். கணக்கு அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

வட்டியில் ஒரு சூட்சுமம்

மேலே சொன்ன கணக்கில் "நூற்றுக்கு 10 வட்டி" என்றோம். உண்மையில் அது 10 அல்ல.

முதல் மாதத்தில் கடன் ரூ.10 லட்சம். மாதா மாதம் அசல் குறைகிறது. கடைசி வருடத்தில் பாக்கி மிகவும் குறைவு. ஆனால், நான்கு வருடமும் முழு ரூ.10 லட்சத்துக்கே வட்டி போட்டிருக்கிறார்கள். இதற்கு "பிளாட் வட்டி" என்று பெயர்.

குறையும் அசலுக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் போட்டால், அது ஏறக்குறைய நூற்றுக்கு 17½ ஆகும்!

இந்த உண்மையான வட்டியை ஒரே தாளில் எழுதிக் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் பாங்கி உத்தரவு போட்டிருக்கிறது. தனி நபர் கடனுக்கும், சிறு தொழில் கடனுக்கும் 2024 அக்டோபர் 1-ந் தேதியில் இருந்து இது கட்டாயம். அதற்கு "முக்கிய விவரத் தாள்" என்று பெயர். கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். அதாவது தமிழ் டிரைவருக்குத் தமிழில்! கேட்டு வாங்குவது அவருடைய உரிமை.

லாரியைப் பிடிக்கலாமா?

தவணை தவறினால் லாரியைப் பிடிக்கக் கம்பெனிக்கு உரிமை உண்டா? உண்டு. வாடகைக் கொள்முதலில் தவணை முடியும் வரை கம்பெனியே உரிமையாளர். ஒப்பந்தப்படி வண்டியை எடுத்தால் அது குற்றம் ஆகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2020-ல் சொன்னது.

ஆனால் எப்படி வேண்டுமானாலும் பிடிக்கலாமா? கூடாது. அடியாட்களை வைத்து வண்டியைப் பிடிப்பதை 2007-ல் அதே சுப்ரீம் கோர்ட்டு கண்டித்தது. சட்டப்படிதான் கடனை வசூலிக்க வேண்டும் என்றது.

வண்டியை எடுக்கும் முன்பு எத்தனை நாள் நோட்டீசு, விற்கும் முன்பு பாக்கியைக் கட்டக் கடைசி வாய்ப்பு எப்போது, இவை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கியின் விதி. தவணை தவறியதற்கான அபராதத்துக்கு மேல் வட்டி ஏற்றக் கூடாது என்ற விதியும் 2024-ல் இருந்து அமலில் இருக்கிறது. வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்பும், மாலை 7 மணிக்குப் பின்பும் போன் செய்து தொந்தரவு கொடுக்கக் கூடாது.

விதி மீறினால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால், ரிசர்வ் பாங்கியின் குறை தீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற போன் எண் இருக்கிறது.

ரிசர்வ் பாங்கியில் பதிவு இல்லாத உள்ளூர் பைனான்சுகளுக்கு இந்த வழி கிடையாது. ஆகவே, "உங்களுக்கு ரிசர்வ் பாங்கிப் பதிவு உண்டா?" என்பதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

கையெழுத்துக்கு முன்பு

பேனாவை எடுக்கும் முன்பு செய்ய வேண்டியவை:

ஆர்.டி.ஓ. ஆபீசில் லாரி நம்பரைக் கொடுத்து, அது யார் பெயரில் இருக்கிறது, எந்த பைனான்சில் இருக்கிறது, வரி பாக்கி உண்டா என்று பார்க்க வேண்டும்.

நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போய் என்ஜின், கியர் பெட்டி, டயர் எல்லாம் காட்ட வேண்டும்.

எழுதாத தாளிலும், தொகை போடாத செக்கிலும் ஒருபோதும் கையெழுத்துப் போடக் கூடாது.

ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வேண்டும். பாங்கிக் கணக்கு வழியாகக் கட்டுவது இன்னும் நல்லது.

ஜாமீன் போடும் உறவினருக்கு, தவணை தவறினால் அவரும் பணம் கட்ட வேண்டி வரும் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஒரு பாங்கியிலாவது விசாரித்துப் பார்க்க வேண்டும். 2015-ல் வந்த முத்ரா திட்டத்தில், சரக்கு வண்டி வாங்க ரூ.10 லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் கடன் கேட்கலாம்.

முதலாளியிடம் இருந்தே லாரி வாங்குவதாக இருந்தாலும் வழி இருக்கிறது. மூன்று பேரும் பைனான்ஸ் கம்பெனிக்குப் போக வேண்டும்: முதலாளி, டிரைவர், ஜாமீன்தாரர். கம்பெனியின் சம்மதத்துடன் ஆர்.சி.யும் கடனும் டிரைவர் பெயருக்கு மாற வேண்டும். "அதெல்லாம் எதற்கு? என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று முதலாளி கேட்டால், "நம்பிக்கை இருக்கிறது, ஐயா. பேப்பரும் இருக்கட்டும்" என்று பணிவாகச் சொல்லலாம். அதற்கும் அவர் சம்மதிக்கவில்லை என்றால், அந்த லாரி வேண்டாம்.

கணக்குத் துண்டு விழுந்தால் வெட்கப்பட வேண்டியது இல்லை. இன்னும் இரண்டு வருடம் சம்பளத்துக்கு ஓட்டி முன்பணத்தைப் பெருக்கலாம். அல்லது, "குட்டி யானை" போன்ற சிறிய வண்டியில் ஆரம்பிக்கலாம். விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் நிலைக்கும்.

சர்க்கார் செய்ய வேண்டியது

பொறுப்பு முழுவதையும் டிரைவர் தலையிலேயே போடுவது நியாயம் ஆகாது.

1972-ம் ஆண்டு பாராளுமன்றம் வாடகைக் கொள்முதல் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. தவணையில் பெரும் பகுதியைக் கட்டியவரிடம் இருந்து, கோர்ட்டு மூலமாக அல்லாமல் பொருளைப் பறிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு அதில் இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் கடைசி வரை அமலுக்கு வரவே இல்லை. 2005-ல் அதை ரத்து செய்துவிட்டார்கள். பிறந்த பிள்ளை கண் திறக்காமலே போன மாதிரி!

முக்கால் பங்கு கட்டியவரின் லாரியும், ஒரே தவணை கட்டியவரின் லாரியும் ஒன்றாகிவிடக் கூடாது. அந்தப் பழைய பாதுகாப்பை, இந்தக் காலத்துக்கு ஏற்ற முறையில் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

முக்கிய விவரத் தாள் தமிழில்தான் கொடுக்கப்படுகிறதா என்று ரிசர்வ் பாங்கி நேரில் பார்க்க வேண்டும். 2020-ல் தனி மாவட்டமான மயிலாடுதுறையில், ஆர்.டி.ஓ. ஆபீசும் தொழில் மையமும் சேர்ந்து மாதம் ஒரு நாள் லாரி டிரைவர்களுக்கு ஆலோசனை சொல்லலாம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, கணக்குத் தெரிந்த ஓர் அலுவலர் போதும். கையெழுத்துப் போடும் முன்பு ஒப்பந்தத்தைப் படித்துக் காட்ட ஓர் ஆள் இருந்தால், பல குடும்பங்கள் பிழைக்கும்.

முடிவு என்ன?

டிரைவர் தவணைக்கு லாரி எடுக்கலாமா?

ஆர்.சி. தம் பெயருக்கு வருமானால், மந்தமான மாதங்களையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தும் துண்டு விழவில்லை என்றால், எடுக்கலாம். துணிந்து எடுக்கலாம். உழைப்பவன் முதலாளி ஆவது நாட்டுக்கே நல்லது.

பெயர் ஒருவருக்கு, பாரம் இன்னொருவருக்கு என்றால் எடுக்கக் கூடாது. அறுவடை மாதத்துக் கூலியை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடவும் கூடாது.

இன்று இரவே டிரைவரும் மனைவியும் உட்கார்ந்து, ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களின் பெயரையும் எழுதட்டும். ஒவ்வொரு மாதத்துக்கு எதிரிலும் வரவையும் தவணையையும் எழுதட்டும். பன்னிரண்டு வரியும் நிரம்பினால் லாரி வீட்டு வாசலில் நிலைத்து நிற்கும்.